பதினாறு வருட மௌனம்: ஹங்கேரிய ஓவியர் இல்கா கெடோ

கடந்த இதழ்களில் மெக்சிக்கோவின் பிரிடா காலோ பற்றியும் ஜேர்மனியின் கேத்தே கொல்விட்ஸ் பற்றியும் எழுதியிருந்தேன். அவற்றை வாசித்த சகோதரி ஒருவர் என்னைக் கண்டபோது கேட்டார்: "அக்கா, இவர்கள் எல்லாரும் ஊர் அறிந்த பெரிய ஆட்கள். வீட்டுக்குள்ளேயே இருந்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ஒருத்தருக்கும் தெரியாமல் கீறின பெண்கள் இல்லையா? இடையிலே எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருந்து, பிறகு திரும்பத் தொடங்கினவர்கள் இல்லையா?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஒருவரை இம்மாதம் அறிமுகம் செய்கிறேன். அவர் பெயர் இல்கா கெடோ. ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்து, வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர். போரின் நடுவே ஒரு பென்சிலால் தன்னைச் சுற்றியிருந்த மனிதரை வரைந்தவர். அதன்பின் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் வரையாமலே இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மீண்டும் தூரிகையை எடுத்து, இறக்கும் வரை அதைக் கீழே வைக்காதவர். அவருடைய ஓவியங்களின் மூலங்களை நான் நேரில் பார்த்ததில்லை. கண்காட்சி நூல்களிலும் நூதனசாலைகளின் இணையத்தளங்களிலும் பார்த்த பிரதிகளைக் கொண்டே இங்கு எழுதுகிறேன்.

கொப்பிகளோடு வளர்ந்த பிள்ளை

இல்கா 1921ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி பிறந்தார். தந்தை யூதப் பாடசாலையொன்றில் ஆசிரியர். தாய் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக வேலை செய்தவர், சிறுவர் கதைகளும் எழுதியவர். புத்தகமும் இசையும் ஓவியமும் புழங்கிய வீடு அது. சிறுமியாக இருந்த காலத்திலேயே, மற்றப் பிள்ளைகள் நாட்குறிப்பு எழுதுவதுபோல இல்கா வரைந்து வந்தார். விடுமுறைக்குப் போன இடம், வீதியிற் கண்ட மனிதர், வீட்டார் எல்லாம் அவருடைய கொப்பிகளில் இடம்பிடித்தன. புடாபெஸ்டிலிருந்து சிறிது தூரத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் சென்டென்ட்ரே என்ற சிற்றூர் இருக்கிறது. ஓவியர்கள் கூடி வாழ்ந்த ஊர் அது. அங்கும் போய் வரைந்தார்.

பாடசாலைக் கல்வியை முடித்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஆண்டு 1939. ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நுண்கலைக் கல்லூரியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. பாரிஸுக்குப் போய்ப் படிக்கலாம் என்றிருந்த எண்ணமும் உலகப் போர் மூண்டதால் கைகூடவில்லை. எனவே, விக்டர் எர்டெய், திபோர் கல்லே போன்ற ஓவியர்களிடம் தனிப்பட்ட முறையில் பயின்றார். 1942ஆம் ஆண்டு சோசலிசக் கலைஞர்கள் குழுவினர் புடாபெஸ்டில் உலோகத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் நடத்திய "சுதந்திரமும் மக்களும்" என்ற கண்காட்சியில் அவருடைய ஓவியமும் இடம்பெற்றது. அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை.

1944: அடைக்கப்பட்ட வீடுகளில் வரைந்தவை

1944 மார்ச் 19ஆம் திகதி ஜேர்மன் படைகள் ஹங்கேரிக்குள் நுழைந்தன. அடுத்த மாதமே யூதர்கள் எல்லோரும் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. மே மாத நடுப்பகுதியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரையிலான இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்தில், தலைநகருக்கு வெளியே இருந்த ஊர்களிலிருந்து சுமார் 4,37,000 யூதர்கள் புகையிரதங்களில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கொண்டு சேர்க்கப்பட்ட இடம் அவுஷ்விட்ஸ் கொலை முகாம். தலைநகரில் இருந்த யூதர்கள் ஜூன் மாதத்தில் நட்சத்திரக் குறியிட்ட வீடுகளுக்குள் ஒதுக்கப்பட்டனர். ஒக்டோபரில் ஹங்கேரிய நாசிகளான அம்புச் சிலுவைக் கட்சியினர் ஆட்சியைப் பிடித்தனர். நவம்பர் இறுதியில், நகரின் நடுவே யூதர்களை அடைத்துவைப்பதற்கான 'கெட்டோ' எனப்படும் குடியிருப்பு அமைக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் அதற்குள் நெருக்கி அடைக்கப்பட்டனர். பசி, குளிர், நோய், துப்பாக்கிச் சூடு எல்லாவற்றாலும் மக்கள் இறந்தனர். 1945 ஜனவரியில் சோவியத் படை வந்தபோதுதான் அந்த வேலி உடைந்தது.

இந்தக் காலத்தில் இல்காவுக்கு இருபத்துமூன்று வயது. அவரும் அந்த மக்களோடு அடைபட்டிருந்தார். நோயுற்ற பிள்ளைகள் தங்கவைக்கப்பட்டிருந்த இடமொன்றிலும் அவர் இருந்தார். அவரிடம் இருந்தது பென்சிலும் கடதாசியும். சுற்றியிருந்தவர்களை அவர் வரையத் தொடங்கினார்.

அந்த ஓவியங்களை முதன்முதலாகப் பார்த்தபோது நான் எதிர்பார்த்துச் சென்றது ஒன்று, கண்டது வேறொன்று. சுடப்பட்டவர்களையும் இரத்தத்தையும் எதிர்பார்த்தேன். அங்கே இருந்தவர்கள் காத்திருக்கும் மனிதர்கள். கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்த முதிய பெண். கட்டிலின் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் ஒருவர். விளையாட மறந்து இருக்கும் பிள்ளை. கைகளை மடியில் போட்டபடி எங்கோ பார்க்கும் தாய். இவர்களுக்குப் பின்னால் சுவரோ யன்னலோ பெரும்பாலும் வரையப்படவில்லை. வெறும் கடதாசி வெளியில் மனிதர் மட்டும் இருக்கின்றனர். கோடுகள் மெல்லியவை, அவசரமானவை. சில முகங்கள் பாதியில் நிற்கின்றன.

போர் என்றவுடன் குண்டு விழும் நொடியை மட்டுமே படமாக்குபவர்கள் உண்டு. ஆனால் போருக்குள் அகப்பட்டவர்கள் அறிந்த உண்மை வேறு. அதில் பெரும்பகுதி காத்திருப்புத்தான். சாப்பாட்டுக்காக, தண்ணீருக்காக, பெயர் வாசிக்கப்படுவதற்காக, போனவர் திரும்பி வருவதற்காகக் காத்திருப்பது. பங்கருக்குள்ளும் பாடசாலைக் கட்டடத்திலும் தரப்பாள் கொட்டிலிலும் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இல்கா அந்தக் காத்திருப்பை வரைந்தார்.

தன்னையும் அவர் வரைந்தார். 1944இன் சுயவுருவப் படங்களில் இருப்பவரைப் பார்த்தால் இருபத்துமூன்று வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயது மட்டுமன்றி, சிலவற்றில் ஆணா பெண்ணா என்பதுகூட உடனே தெரிவதில்லை. அடைத்துவைக்கப்படும் ஒரு மனிதரிடமிருந்து என்னென்ன பறிபோகின்றன என்பதற்கு அந்த முகங்கள் சாட்சி. ஆனால் அந்த முகத்தின் கண்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே வரைந்துகொள்பவருக்கு அப்படித்தானே இருக்க முடியும்!

போர் முடிந்த பிறகு

போர் முடிந்ததும் 1945 இலையுதிர்காலத்தில் நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். முன்பு மூடியிருந்த கதவு திறந்தது. ஆனாலும் சிறிது காலத்திலேயே குடும்பக் காரணங்களால் அங்கிருந்து விலகினார். 1946இல் எந்த்ரே பீரோ என்ற உயிர் இரசாயன விஞ்ஞானியைத் திருமணம் செய்தார். 1947இல் முதல் மகன் பிறந்தான். 1953இல் இரண்டாவது மகன் பிறந்தான்.

முதற் பிள்ளை வயிற்றில் இருந்த காலத்திலும் அவர் தன்னை வரைந்தார். கர்ப்பிணிப் பெண்ணை ஆண் ஓவியர்கள் வரையும்போது புனிதத் தாயாகவோ அழகுப் பதுமையாகவோ ஆக்கிவிடுவதுண்டு. இல்காவின் படத்தில் அந்தப் பூச்சு இல்லை. பாரம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது, தன் உடலில் நடப்பதைத் தானே உற்றுப் பார்க்கும் ஒரு பெண்ணின் விழிப்பு இருக்கிறது. 1945 முதல் 1949 வரை அவர் வரைந்த சுயவுருவப் படங்கள் ஏராளம். போர் தனக்குள் எதை மிச்சம் வைத்திருக்கிறது என்று ஒருவர் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பது போன்ற படங்கள் அவை.

அவர்கள் வாழ்ந்த பில்லேர் வீதிக்கு அண்மையில் கான்ஸ் தொழிற்சாலை இருந்தது. உள்ளே போய் வரைவதற்கு அனுமதி பெற்றுக்கொண்டார். 1947, 1948ஆம் ஆண்டுகளில் அங்கே வேலை செய்தவர்களைப் பென்சிலாலும் பசுரெல் வர்ணங்களாலும் வரைந்தார். ஆட்சியாளர்கள் விரும்பிய, முஷ்டி உயர்த்திய வீரத் தொழிலாளர்கள் அல்ல அவர்கள். வேலைக்கு நடுவே இளைப்பாறும், உடம்பு நொந்த மனிதர்கள்.

1949இல் அவர் வரைந்தது ஒரு மேசையை. வீட்டில் இருந்த சாதாரண சிறு மேசை. அதையே திரும்பத் திரும்ப, ஒரு தொடராக வரைந்தார். சில படங்களில் அந்த மேசை நடுங்குவது போலத் தெரியும். சிலவற்றில் நாற்காலும் ஊன்றி உறுதியாக நிற்கும். வெளியே போக நேரமில்லாத, கைப்பிள்ளையோடு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரைவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அந்த மேசையைத்தான் நான் காட்டுவேன்.

ஏன் நிறுத்தினார்?

மேசைப் படங்களோடு 1949இல் அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மீண்டும் எடுத்தது 1960களின் நடுப்பகுதியில்.

காரணங்கள் ஒன்றல்ல. முதலாவது, அரசியல். 1948, 1949 காலப்பகுதியில் ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் தனியாட்சி நிலைபெற்றது. எப்படி வரைய வேண்டும், எதை வரைய வேண்டும் என்று அரசே சொன்னது. அதற்குள் அடங்காத கலைஞர்களுக்குக் கண்காட்சி மண்டபங்கள் மூடப்பட்டன.

இரண்டாவது காரணம் இன்னும் நெருக்கமானது. இல்காவும் கணவரும் பழகிய அறிவாளிகளின் வட்டம் ஒன்று இருந்தது. லாயோஷ் சபோ என்ற சிந்தனையாளரைச் சுற்றி அமைந்த வட்டம் அது. அவர்கள் அரசின் கலைக்கொள்கைக்கு எதிரானவர்கள், சுதந்திரமாகச் சிந்தித்தவர்கள். ஆனால் உருவமற்ற நவீன ஓவியமே உயர்ந்தது என்று கருதினர். கண்முன் இருக்கும் முகத்தையும் மேசையையும் வரைவது அவர்களுக்குப் பழைய பாணி. அதனால் இல்கா வரைந்து வைத்திருந்தவற்றின் பெறுமதியை, மிக நெருங்கிப் பழகியவர்களே காணவில்லை.

மூன்றாவது, பெண் என்ற கேள்வி. உண்மையான கலைஞராகப் பெண்ணால் ஆக முடியுமா? மனைவியாகவும் தாயாகவும் இருந்துகொண்டு அது கூடுமா? இந்தக் கேள்விகள் அக்காலத்து அறிவாளிகள் மத்தியில் வெளிப்படையாகவே பேசப்பட்டன. அவை இல்காவையும் வாட்டின.

யோசித்துப் பாருங்கள். யாரும் அவருடைய கையிலிருந்து பென்சிலைப் பறிக்கவில்லை. கெட்டோவில் காவல் நின்றவர்களாலும் நிறுத்த முடியாத கை, சமாதான காலத்தில், நண்பர்களின் நடுவே, வீட்டு மேசையருகே நின்றுபோயிற்று. பெண்களின் ஆற்றலை அழிப்பதற்கு எப்போதும் தடையுத்தரவு வேண்டும் என்பதில்லை. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்ற பார்வை ஒன்றே போதும். அந்தப் பார்வை எதிரியிடமிருந்து வந்தால் எதிர்த்து நிற்கலாம். நாம் மதிக்கிறவர்களிடமிருந்து வரும்போது அதை நாமே நமக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

ஆனாலும் அந்தப் பதினாறு ஆண்டுகளை வெறுமையான காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. பிள்ளைகளை வளர்த்தார். கலை வரலாறு படித்தார். நிறங்களைப் பற்றி ஜேர்மன் அறிஞர் கதே எழுதிய நூலை ஆழமாகக் கற்றார், அதிலிருந்து பகுதிகளை மொழிபெயர்த்தார். தூரிகையைத் தொடாத காலத்தில் நிறங்களைப் படித்துக்கொண்டிருந்தார். போரின் பின் பேச்சற்றுப் போன பெண்களை "அவ இனி அவ்வளவுதான்" என்று ஊரார் முடிவுகட்டிவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மௌனமாக இருப்பவள் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

மீண்டும் தொடங்கிய விதம்

1960களில் அவர் தன் பழைய ஓவியங்களை வெளியே எடுத்தார். அவற்றை வகைப்படுத்தி, மட்டையில் பொருத்தி ஒழுங்குசெய்தார். 1965இல், போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வரைந்த படங்களைக் கொண்டு ஓர் ஓவியக்கூடத்தில் சிறு கண்காட்சி நடந்தது. அதே காலப்பகுதியில் தைலவர்ணத்தில் வரையத் தொடங்கினார். 1969, 1970இல் பாரிஸில் தங்கியிருந்தார். 1939இல் போக முடியாமற்போன நகரத்தை முப்பது ஆண்டுகள் கழித்துக் கண்டார். அங்கே ஒரு குழுக் கண்காட்சியிலும் அவருடைய படங்கள் இடம்பெற்றன.

அவர் தைலவர்ண ஓவியம் செய்த முறை விசேடமானது. முதலில் சிறு கடதாசியில் மனம்போன போக்கில் விரைவாக ஒரு படம் கீறுவார். பிறகு அதன்மேல் கட்டங்கள் போட்டு, அதே கட்டங்களைக் கன்வஸ் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாகப் பெருப்பித்து மாற்றுவார். எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று சிறு மாதிரித் துண்டுகளில் வர்ணம் பூசி வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு படத்துக்கும் குறிப்புக் கொப்பி வைத்திருந்தார். இன்று இந்த நிறம் சரிவரவில்லை, நாளை இப்படிச் செய்து பார்க்கவேண்டும் என்று அதில் எழுதினார். ஒரு படம் முடிய மாதங்கள், சில வேளை அதற்கும் மேல் ஆகும். முடிந்த படத்திலும் அந்தக் கட்டக் கோடுகள் பல இடங்களில் தெரியும். அவற்றை அவர் மறைக்கவில்லை.

இந்த முறையைப் படித்தபோது, கட்டம் போட்ட கொப்பியில் பூவைக் கீறி, கட்டம் எண்ணிக் குறுக்குத் தையல் போடுகிற எங்கள் பெண்களின் நினைவு எனக்கு வந்தது. நூலைத் துணியில் வைத்து "இந்தச் சிவப்புப் பொருந்துமா?" என்று பார்ப்பதும் அதே வேலைதான்.

இவ்வாறு 150இற்கும் மேற்பட்ட தைலவர்ண ஓவியங்களைச் செய்தார். 'செயற்கைப் பூக்கள்' என்ற தொடரில் வருபவை தோட்டத்துப் பூக்கள் அல்ல. முள்ளும் இறக்கையும் கலந்த, இந்த உலகத்திலே எங்கும் மலராத பூக்கள். ரோசாத் தோட்டங்கள் உண்டு. சர்க்கஸ் கோமாளிகளும் விசித்திர உருவங்களும் வருகிற படங்கள் உண்டு. நிறங்கள் மங்கலாகவும் அதேவேளை ஒளிவிடுவனவாகவும் இருக்கின்றன. சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் அவற்றின்மேல் படர்கின்றன. கெட்டோ ஓவியங்களை அறியாமல் இவற்றைப் பார்ப்பவர் அழகிய கனவு என்று சொல்லக்கூடும். அறிந்து பார்க்கும்போது, அந்த மங்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது.

வாழ்வின் கடைசிக் கட்டத்தில், 1940களில் வரைந்த தன் சுயவுருவப் படங்களை எடுத்துக் கட்டம் போட்டுக் கன்வஸில் பெருப்பித்து நிறம் தீட்டினார். தொப்பி அணிந்த சுயவுருவப் படங்கள் அவ்வாறு வந்தவை. அறுபது கடந்த பெண், தன் இருபத்தாறு வயது முகத்தைக் கையில் எடுத்து, அதன்மேல் பொறுமையாக நிறம் வைக்கிறார். இல்காவின் படங்களில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவை இவைதான்.

கண்காட்சிகள்

முதலாவது பெரிய தனிக் கண்காட்சி 1980இல் சேகெஷ்பெஹேர்வார் நகர நூதனசாலையில் நடந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. 1982இல் புடாபெஸ்டில் டொரொத்யா வீதிக் காட்சிக்கூடத்தில் அடுத்தது நடந்தது. 1985 ஜூன் 19ஆம் திகதி, அறுபத்துநான்காவது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஹங்கேரியக் கலைப் பருவத்தில் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டன. ஹங்கேரிக்கு வெளியே அவர் பெயர் பரவத் தொடங்கியது அங்கிருந்துதான். பின்னர் நியூயோர்க்கிலும் கண்காட்சிகள் நடந்தன. ஹங்கேரியத் தேசிய காட்சிக்கூடம் 2004, 2005இல் அவருடைய வாழ்நாட் படைப்புகளைத் தொகுத்துக் காட்டியது. பிறந்து நூறு ஆண்டு நிறைந்த 2021இல், கடதாசியில் செய்த படைப்புகளுக்கென மற்றொரு கண்காட்சியை நடத்தியது. லண்டன் பிரித்தானிய நூதனசாலையிலும் ஜெரூசலேமின் இஸ்ரேல் நூதனசாலையிலும் அவருடைய ஓவியங்கள் இன்று பாதுகாக்கப்படுகின்றன.

இவற்றுள் நான் தனியே குறிப்பிட விரும்புவது 1995இல் புடாபெஸ்ட் யூத நூதனசாலையில் நடந்த கண்காட்சியை. இல்காவின் கெட்டோ ஓவியங்கள் ஒரு பக்கம். ஜ்யோர்ஜ் ரோமான் என்ற மற்றொரு ஹங்கேரிய ஓவியர், போருக்குப் பின் போர்க்குற்றவாளிகள் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டபோது அவர்களைப் பார்த்து வரைந்த படங்கள் மறுபக்கம். பாதிக்கப்பட்டோரும் குற்றம் புரிந்தோரும் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டிருந்தனர். அடுத்த ஆண்டில் அது ஜெரூசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகத்துக்கும் போனது.

கதிரையில் உறங்கிய அந்த முதிய பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் உயிர்தப்பினாரா என்பதும் தெரியாது. ஆனால் ஐம்பத்தோராண்டு கழித்து, அவருக்கு இதைச் செய்தவர்களின் முகங்களுக்கு எதிரே அவருடைய முகமும் வைக்கப்பட்டது. ஓர் இளம் பெண் பென்சிலால் கீறியதாலும், அந்தக் கடதாசிகள் பல ஆண்டுகள் வீட்டில் பத்திரமாக இருந்ததாலும் அது சாத்தியமாயிற்று. அவர் வரையாதிருந்த பதினாறு ஆண்டுகளிலும் அவை குப்பைக்குப் போகவில்லை.

எல்லோரும் ஓவியராக வேண்டும் என்றோ, வரைந்தால் காயம் ஆறிவிடும் என்றோ நான் சொல்லவரவில்லை. இல்காவுக்கே அது அவ்வளவு இலகுவாக ஆறவில்லை. சகோதரிகளே, நான் கேட்பது சிறிய காரியம். இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்களையும் கடிதங்களையும் பலர் இழந்துவிட்டோம். இப்போது கையில் இருப்பவற்றையாவது, கொப்பியில் எழுதிய நாலு வரியையோ, பிள்ளை கீறிய வீட்டையோ, கைமாதிரித் துணியையோ, "இது என்னத்துக்கு" என்று அடுப்பில் போடாதீர்கள். பின்பக்கத்தில் திகதியையும் ஊரையும், அதில் இருப்பவரின் பெயரையும் எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். வீட்டில் ஒருத்தி ஒரு மூலையில் இருந்து ஏதாவது கீறிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருந்தால், அவளை அரைமணி நேரம் எழுப்பாமல் விடுங்கள். உலை கொதித்தால் வேறு யாராவது போய்ப் பார்க்கலாம்.